கிழக்குச் சுவர் இல்லாத அறை

வாஷிங் மெஷின் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு மாதம் சும்மா நின்றது. பெரம்பலூர் கடையில் நான்தான் வாங்கினேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வீட்டுக்கென்று நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. பெட்டியைப் பிரித்த அன்றே அம்மா அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்திவிட்டாள். நாளாக ஆக அதன் மேல் சீப்பு, டார்ச் லைட், ரேஷன் கார்டு எல்லாம் குடியேறின. வந்தவர்கள் கேட்டால் அப்பா சொல்வார்: "வூட்டோட மாப்ளங்க. இன்னும் வேலைவெட்டிக்குப் போவல."

அதற்கு ஓர் இடம் வேண்டும். அடுப்படிக்குப் பின்னால், மாட்டை விற்றதிலிருந்து காலியாகக் கிடந்த கொட்டகையைத் துணி துவைக்கும் அறையாக மாற்றுவது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தவள். கொத்தனாரிடம் கையைக் காற்றில் வீசிக்காட்டி வேலை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மே மாத விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கிராஃப் தாள் வாங்கி வந்து, ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று வைத்துப் பென்சிலால் வரைந்தேன். பத்தடிக்கு எட்டடி. நாலு பக்கமும் கூரை வரை சுவர். மூலையில் மெஷின், பக்கத்தில் குழாய், நின்றபடி துணி கசக்க ஒரு கல்மேடை, குறுக்கே இரண்டு கொடி. தாளின் கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று போட்டு என் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பட்டத்தையும் எழுதினேன்.

நாலு பக்கமும் சுவர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர் அரியலூரை ஒட்டியது. வீட்டுக்கு மேற்கே உள்ள சாலையில்தான் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகும். ஒரு லாரி போனால் வேலி, வாழை, கொடியில் காயும் துணி எல்லாமே வெளுத்துவிடும். ஈரத்துணியில் படிந்த தூசி காய்ந்த பிறகு உதறினாலும் போகாது. களை எடுத்துவிட்டு வந்து துவைத்துப் போட்ட துணியை அம்மா மறுபடியும் அலசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இனி ஒரு துணியை அவள் இரண்டு முறை துவைக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த அறை.

கொத்தனார் வந்து குச்சி நட்டு நூல் கட்டினார். அம்மா நூலுக்கு உள்ளே போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"இதுக்குள்ள வெயிலு எந்தப் பக்கமா வரும்?"

"வெயில் எதுக்கும்மா? மெஷினே பிழிஞ்சி குடுத்துடும். முக்காவாசி காஞ்சிடும்."

"மிச்சம் காவாசி?"

"ஒரு ஃபேன் மாட்டிக்கலாம்."

"நல்லாருக்கு. எனக்கே ஃபேன் இல்ல, துணிக்கு ஃபேனாம்."

கொத்தனார் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது.

"கெழக்கால சொவரு வேணாம். தொறந்து கெடக்கட்டும்," என்றாள் அம்மா.

"தூசி வரும்."

"கெழக்கேருந்து என்னா தூசி வருது?"

"ஒனக்கு என்னம்மா தெரியும்? நாலு எழுத்து படிச்சிருந்தா இந்தப் படம் ஒனக்குப் புரியும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கொத்தனார் நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று நழுவினார். அம்மா கொடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினாள்.

அவள் திட்டட்டும் என்று காத்துக்கொண்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அன்று அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். என் வெள்ளை ஜாக்கெட், அப்பாவின் சட்டை, எல்லாமே உள்பக்கம் வெளியே தெரியும்படி காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து மூன்று முறை ஓங்கி உதறி, உள்ளே கையை விட்டுத் திருப்பி, மடித்து வைத்தாள்.

"ஏம்மா எல்லாத்தையும் திருப்பிப் போட்டிருக்க?"

மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இன்னைக்கு நேத்தா போடுறேன்? நீ ஆறாவது போனதுலேருந்து இப்படித்தான். தூசி வுழுந்தா உள்ளுக்கு வுழட்டும். நாலு பேரு பாக்குறது வெளிப்பக்கத்தத்தான."

மத்தியானம் டிரைவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் ஒரு மணி நேரம் சாலை சும்மா கிடக்குமாம். அந்த நேரம் பார்த்துத்தான் துணியைக் கொடியில் போடுவாளாம். சாலைப் பக்கமிருந்து மேல்காற்று வீசுகிற வரைக்கும்தான் தூசித் தொல்லை. ஐப்பசியில் காற்று திரும்பிவிட்டால் பயமில்லை. இதையெல்லாம் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

பள்ளிக்கூட நாட்களில் வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் எனக்கு. பிரேயரில் டீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "சட்டைய எப்படி வச்சிருக்கா பாருங்க," என்று மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறார். அது என் சுத்தம் என்றே நினைத்தேன். மண்ணில் உட்காராமல், ஓடி விளையாடாமல் நானே காப்பாற்றிய வெள்ளை என்று என் மாணவிகளிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன். அந்த வருடங்களில் கழுத்துக்குப் பின்னால் எப்போதும் அரிக்கும். மட்டமான துணி வாங்கிவிட்டாய் என்று அம்மாவிடம்தான் சண்டை போடுவேன். அவள் ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்கும் வரவில்லை. உள்ளே போய் ரப்பர் எடுத்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கிழக்குச் சுவரை அழித்தேன்.

கொத்தனார் திரும்பி வந்தபோது எப்படிக் கட்டுவது என்று அம்மாவிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் செங்கல் துண்டால் தரையிலேயே கோடு போட்டாள். மேற்கே கூரை முட்டச் சுவர், ஜன்னல் கிடையாது. கிழக்கே இரண்டு தூண் மட்டும். சாரல் அடிக்காமலிருக்கக் கூரையை இரண்டடி வெளியே நீட்ட வேண்டும். மேடை உயரத்தைக் கொத்தனார் என் படத்திலிருந்து படித்ததும் அம்மா தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள்.

"இவ ஒசரத்துக்கு மேடை கட்டுனா நான் ஏணி வச்சி ஏறித்தான் தொவைக்கணும்."

"அக்கா சொல்றது சரிதான் டீச்சர்," என்றார் கொத்தனார்.

சாயங்காலம் வேறொரு தாளில் புதிதாக வரைந்தேன். கீழ் மூலைக்கு வந்ததும் 'வரைந்தவர்' என்று எழுதி, அம்மாவின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.

"அதுல ஒன் பேரும் இருக்கும்மா," என்றேன்.

"என் பேரு எதுக்குடி? கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?" என்றாள். ஆனாலும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். "எது?"

காட்டினேன்.

"இது ஒன் பேரா?"

"ம்."

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பழைய படத்தையும் ஒரு முறை பார்த்திருந்தாள்.

"ஒன் பேருக்குப் பக்கத்துல நீளமா என்னமோ இருந்துச்சே. அது எங்க?"

"இடம் பத்தலம்மா."

தாளைப் பார்த்தாள். வலப்பக்கம் பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"எழுது," என்றாள். "அதுக்குத்தான அம்புட்டு சட்டை தொவைச்சேன்."

எழுதினேன்.