நிப்பாட்டாத அன்டனா

எதிர்வீட்டுக் கூரையில் டிஷ் பூட்டுகிறவன் "தெளிவா வருதா?" என்று கத்துகிறான். எண்பதுகளில் மாத்தளையில் நானும் அப்படிக் கூரையேறி நின்றேன்.

வியாபாரத்தில் முன்னேறியவர்களைப் பேட்டி காணும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அன்று என் நண்பன் நவாஸின் வாப்பா, மிளகு வியாபாரி, வரவிருந்தார்; பேட்டியை முன்பே பதிவு செய்திருந்தார்கள். தெருவில் டிவி எங்களிடம்தான் இருந்ததால் அவரும் நவாஸும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அரசாங்க அதிகாரியான என் அப்பாவை யாரும் பேட்டி கண்டதில்லை. எனக்குப் பொறாமை.

படம் மங்கியதும் அன்டனாவைத் திருப்ப என்னை ஏற்றினார்கள். "வருது! வாப்பாட தொப்பி தெரியுது! நிப்பாட்டுடா!" என்று நவாஸ் கத்தினான். நான் மேலும் திருப்பினேன்; படம் முற்றாகப் போனது.

"நம்ம மொகம் டிவிக்குப் புடிக்கல்ல போல, மகன்," என்று இறங்கி வந்த என்னைப் பார்த்து வாப்பா சிரித்தார். மறுபடி போடுவார்கள் என்று காத்திருந்தோம், நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். தன்னை டிவியில் பார்க்காமலே அவர் இறந்தார். காற்றுத்தான் திருப்பியது என்று நான் சொன்னதை நவாஸ் இன்றும் நம்புகிறான்.