கையுறைக்குள் தண்ணீர்

குழாயடியில் நின்று, தடித்த ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் பிடிப்பார் அக்கா. ததும்பும் வரை நிரப்பி, வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறத்தை ஈரம் போகத் துண்டால் துடைப்பார். பசுவின் மடி மாதிரி கனத்துத் தொங்கும் அதை ஒவ்வொரு விரலாக அழுத்துவார். எங்காவது துளி எட்டிப் பார்க்கிறதா என்று முதலில் கண்ணால் தேடுவார். கண்ணுக்குத் தப்பிய கசிவு உண்டா என்று பிறகு வெறும் விரல் நுனியால் தடவுவார். துளி சந்தேகம் வந்தாலும் அந்த உறை குப்பைக்கூடைக்குப் போய்விடும். தேறியதைக் கவிழ்த்து உலர விடுவார். மறுநாள் அமில வேலைக்கு அதுதான்.

"எல்லாம் புதுசுக்கா. கம்பெனிக்காரன் சோதிச்சுப் பாத்துதான் டப்பாவுல போடுறான்" என்பார் கூட வேலை பார்க்கும் பாறை ஆய்வாளர்.

"அவன் கையா உள்ள போகப் போகுது?"

ஆய்வகத்தில் அவருக்கு நிதானம் அக்கா என்று பெயர். படித்தது வேதியியல், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நடையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். அமிலக் குப்பியைத் தொட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். "நிதானம்... நிதானம்..." என்று, தொட்டிலை ஆட்டுகிறவர் மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊற்றுவார். பெயர் அப்படி வந்தது.

பாறையின் வயதைக் கண்டுபிடிக்க அதைப் பொடித்துக் கரைக்க வேண்டும். கரைக்கிற ஆள் ஹைட்ரோபுளோரிக் அமிலம். கல்லையே கரைப்பதற்குக் கண்ணாடி எம்மாத்திரம்? அதனால் அது பிளாஸ்டிக் குப்பியில்தான் குடியிருக்கிறது. மற்ற அமிலங்கள் தோலில் பட்டதும் சுரீரென்று ஊரைக் கூட்டும். நீர்த்த நிலையில் இது பட்டால் ஒன்றும் தெரியாது. தோலுக்குள் சத்தமில்லாமல் இறங்கி, உடம்பின் கால்சியத்தைத் தேடி எலும்பு வரை போய்விடும். வலி பல மணி நேரம் கழித்து வரலாம். "வலிச்சா நல்லதுப்பா. வலிக்கலைன்னாதான் எனக்குப் பயம்" என்பார் அக்கா.

ஆகவே இந்த அமிலத்தை யாரும் தனியாகத் தொடுவதில்லை. காற்றை மேலே உறிஞ்சும் கூண்டுக்குள் கைவிட்டு ஒருவர் ஊற்றுவார். இன்னொருவர் பக்கத்தில் சும்மா நிற்பார். அவர் பையில் கால்சியம் களிம்பு இருக்கும். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் கழுவி, களிம்பைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இத்தனை வருடமும் ஊற்றியவர் அக்கா. நின்றவர் பாறை ஆய்வாளர். நிற்கிறவருக்கு வாய் சும்மா இருக்காது. மைத்துனன் கார் வாங்கிய கதை, மாமியார் அதில் ஏற மறுத்த கதை என்று போகும்.

"வாயைக் கட்டுறியா, வெளிய போறியா?" என்பார் அக்கா, கண்ணைக் குப்பியிலிருந்து எடுக்காமல்.

வீட்டிலும் இதே கை. எண்ணெய்ப் பாட்டிலை மேசை விளிம்பில் வைக்க விடமாட்டார். டீயைக்கூடக் கோப்பையின் ஓரமாக வழியவிட்டுத்தான் ஊற்றுவார். "தாயே, இறங்கி வர்றதுக்குள்ள ஆறிப்போகுது" என்பார் வீட்டுக்காரர். அவர் தையல்காரர். ஞாயிறு காலையில் அவர் சட்டைகளுக்கு அக்கா பொத்தான் தைத்துக் கொடுப்பது வழக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிறன்று வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று.

"ஏய், என்ன இது? கையைக் காட்டு."

ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி இறங்கியிருந்தது, நடுவிரலிலும். அக்காவுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்காரர் ஊசியின் காதுப்பக்கத்தால் மெல்லக் குத்திப் பார்த்தார். "இங்க? இங்க?" அக்கா இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சர்க்கரை நரம்பில் கைவைத்துவிட்டது என்றார் மருத்துவர். விரல் நுனிகளில் உணர்வு கொஞ்சம்தான் மிச்சம். மேலும் போகாமல் காக்கலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் அக்கா மூச்சுவிடவில்லை. குப்பியைப் பிடித்த பிடி சரியா என்று சொல்ல வேண்டிய விரல்கள் அவை. பிந்தி வருகிற வலியையும் அவைதான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வேலை கையை விட்டுப் போகும். சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை. எனவே சாக்குச் சொன்னார். கூண்டின் காற்று சரியில்லை என்றார். களிம்பு பழசாகிவிட்டது என்றார். புதுக் களிம்பு வந்ததும் தலைவலி என்றார்.

"அக்கா, கல்லு எனக்காகக் காத்திருக்கும், கோடி வருசம் பழகின கல்லு. என் கட்டுரை காத்திருக்காது" என்றார் பாறை ஆய்வாளர். "எம்மேல ஏதாச்சும் கோவமா? நான் பேசுறது அதிகம்னா சொல்லிடுங்க."

அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் மல்லாத்தி வைத்தார். "கோவம் உம்மேல இல்லப்பா. இதுங்கமேல." பிறகு ஊசியையும் சட்டையையும் சொன்னார்.

பாறை ஆய்வாளர் மேசையில் கிடந்த களிம்புக் குழாயை எடுத்து அக்காவின் பையில் போட்டார். "நான் ஊத்துறேன். நீங்க நில்லுங்க. நீங்க நிக்கலைன்னா நான் தொடமாட்டேன்."

துறைத் தலைவரிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். தண்ணீரை ஊற்றிச் சில நாள் பழகினார்கள். அப்புறம் நிஜ அமிலம்.

அன்று, அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் கதவுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகக்கவசம், மேலங்கி, மெல்லிய உறைக்குமேல் தடித்த உறை. பாறை ஆய்வாளர் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவுக்குத்தான் நிற்க முடியவில்லை.

"குப்பியை உள்ள தள்ளி வை. இன்னும் உள்ள. மூடியைக் கவுத்து வைக்காதே. முழங்கை, முழங்கை!"

"அக்கா, வாயைக் கட்டுறீங்களா, வெளிய போறீங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். பிறகு சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. நிதானம்... நிதானம்... அந்தத் தாளத்துக்குப் பாறைப்பொடியின்மேல் அமிலம் இறங்கியது. குப்பிகளை மூடி, எல்லாவற்றையும் கழுவி முடித்ததும், "கையைக் காட்டு" என்றார். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தாய் பார்ப்பதுபோல நகக்கண் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாளைக்கான உறைகளோடு அவர் குழாயடிக்குப் போனபோது பாறை ஆய்வாளர் பின்னாலேயே வந்தார். "குடுங்கக்கா. இதையும் நானே பாத்துக்கறேன்."

"நீ போ. போய் உன் கல்லைப் பாரு."

தண்ணீர் நிரப்பினார். முறுக்கினார். துடைத்தார். ஒவ்வொரு விரலாக அழுத்திக் கண்ணால் பார்த்தார். வழக்கம்போல விரல் நுனியை அதன்மேல் வைத்தவர், வைத்தபடியே சற்று நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கனத்த உறையை இரண்டு கைகளாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, அதன் கட்டைவிரலைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். அப்புறம் அடுத்த விரலை.