ஆயுத பூஜையும் பெட்ரோல் துணியும்

அன்று ஆயுத பூஜை. நல்ல நேரம் முடியப் போகிறதே என்று பறந்துகொண்டிருந்தேன். கொரட்டூரில் எங்கள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அதன் சீட்டில் என் மகள். கிரீஸ் கறையைப் பெட்ரோல் துணியால் துடைத்த என் வீட்டுக்காரர், துணியை வண்டிக்கடியிலேயே போட்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. கற்பூரம் ஏற்றத் தீக்குச்சியை எடுத்தேன்.

"கொளுத்தாதடி! பெட்ரோல் நாத்தம் மேல வரிக்கும் வருது, உனக்கு மூக்கு கீதா இல்லியா?" என்று மாடி வீட்டு ஸ்டெல்லா அக்கா ஜன்னலிலிருந்து கத்தினார்.

"சாமி கும்புடுற நேரத்துல இன்னாக்கா இது?"

"மொதல்ல புள்ளைய எறக்குடி!"

குனிந்தேன். ஈரத்துணி என் காலருகே கிடந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

இப்போதும் கற்பூரம் ஏற்றும் முன் மூக்கு தானாக மோந்து பார்க்கிறது. அன்று அம்மன் சரியான நேரத்துக்குத்தான் ஜன்னலில் வந்து நின்றாள். நான்தான் அவளிடம் சலித்துக்கொண்டேன்.