முதல் கேத்தல் துப்பாக்கிக்கு

எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் அணித் தெரிவு நாளில், தவமணி டீச்சர் சுட்ட ஐந்து தோட்டாவும் இலக்கின் ஒன்பது மணிப் பக்கம் போய் விழுந்தன. இலக்கைக் கடிகாரமாக நினைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். ஒன்பது மணி என்றால் இடது ஓரம். நாலு பேர் கொண்ட அணியில் மூன்று பேர் ஏற்கெனவே தேறிவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஓர் இடத்துக்குத்தான் டீச்சர் இரண்டு வருஷமாகப் பாடுபட்டார். பெயர்ப் பட்டியல் அன்றைக்கே போட்டிக்குப் போக வேண்டும்.

நான் அந்தக் கழகத்தில் ஆமரர். அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவன். போன வருஷம்தான் ஆயுத அறைச் சாவியை ஒப்படைத்தேன். என் இடத்துக்கு வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் பெரிய ஆளாகக் காட்டும் கதைகளும் உண்டு. இது அந்த வகையல்ல.

1. கேத்தல்

யட்டவத்தைப் பக்கம் ஒரு மலைச்சரிவில் எங்கள் ரேஞ்ச். ஆயுத அறையில் பதினொரு பழைய 303 துப்பாக்கிகள். ஒரு காலத்தில் பட்டாளம் தூக்கித் திரிந்தவை. அவற்றுக்குக் கிடைக்கும் தோட்டாவும் பழசு. அதன் அடியில் இருக்கும் கெப் என்ற சிறு வெடிமூடி வெடித்ததும், பெரல் என்கிற குழலுக்குள் ஒருவித உப்புப் படியும். எண்ணெய்க்கு அது கரையாது, கொதிநீருக்குத்தான் கரையும். அப்படியே விட்டால் மறுநாளே துரு.

அதனால் சுட்டு முடிந்ததும் அடுப்பில் ஏறும் முதல் கேத்தல் தண்ணீர் துப்பாக்கிக்கு. இரண்டாவது கேத்தல்தான் நாங்கள் குடிக்கும் பாலில்லாத பிளேன்டீக்கு. எவ்வளவு பெரிய மனிதர் வந்திருந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது. ஒரு தடவை விருந்தாளியாக வந்த ஒரு பெரிய அதிகாரி, கோப்பையைக் கையில் பிடித்தபடி பதினொரு துப்பாக்கியும் குளித்து முடியும்வரை நின்றார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒரு பித்தளைப் புனல் இருந்தது. அதன் வளைந்த குழாய் நேராகப் பெரலின் வாய்க்குள் போய் உட்காரும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. தெரிவுக்கு ஒரு மாதம் முன்பு அந்தக் குழாய் ஈயம் விட்டுக் கழன்றது. பற்றவைக்க மாத்தளைக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று, மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலைக் கழுவி எடுத்துக்கொண்டேன். நாளை நாளை என்று நான்கு சனிக்கிழமை போயிற்று.

2. புத்தகம்

தவமணி டீச்சர் எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளை. படிக்கும் காலத்தில் பள்ளி மாணவர் படையில், கடேற்றில், சுடப் பழகியவர். இப்போது அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வருவார். ஐந்தாம் நம்பர் துப்பாக்கி அவருடையது என்றே ஆகிவிட்டது. அதன் முன்கட்டை, அதாவது பெரலைத் தாங்கும் நீண்ட மரம், வெடித்துப்போனதால் நானே புதுசு போட்டுக் கொடுத்திருந்தேன். போட்ட புதிதில் அச்சொட்டாகச் சுட்டது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அங்கே எல்லாரும் என்னை அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். தெரிவுக்கு முந்திய சனிக்கிழமை அவர் வந்து சொன்னார்.

"நானா, அஞ்சாம் நம்பரு எடது பக்கம் இழுக்குதுங்க."

பெரலுக்குள் பார்த்தேன். குறி பார்க்கும் முன்குறி ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. தோட்டா எண்ணிக் கொடுக்கிற பண்டம், அதனால் சுட்டுப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் போட்ட கட்டையில் பிழை வரும் என்று நினைக்கவே எனக்கு மனமில்லை.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு டீச்சர். நீங்கதான் ட்ரிகரை வெடுக்குன்னு இழுக்கிறீங்க" என்றேன்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பழுதுப் புத்தகம் உண்டு. அதில் 'காரணம்' என்ற இடத்தில், 'சுட்டவர்' என்று எழுதிக் கையொப்பம் போட்டேன்.

3. காகிதத் துண்டு

தெரிவு நாளில் செயலாளர் ராஜரத்தினம் ஐயா அந்தப் புத்தகத்தைத்தான் விரித்தார். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். எழுதியிருந்தால் அவருக்கு அது வேதம்.

"போன கிழமையும் இதேதான். ஆமரர் எழுதியிருக்காரு, கொற சுட்டவங்க மேலன்னு. வேற ஆளத்தான் போடணும் டீச்சர்."

டீச்சர் அவரோடு வாதாடவில்லை. என்னிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நானா, நீங்களே ஒரு தடவ சுட்டுப் பாருங்க. நீங்க சுட்டு சரியா விழுந்தா நான் பேசாம போயிர்றேன்."

குப்புறப் படுத்து மூன்று தோட்டா சுட்டேன். மூன்றும் ஒன்பது மணி. மூன்றையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.

என் காது சூடாகிவிட்டது. இலக்குத் தாளில் ஒரு துண்டு கிழித்து, பெரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தேன். இடப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வலப் பக்கம் பாதியில் சிக்கி நின்றது. மரம் ஊதிப் பெரலை இடது பக்கம் நெட்டிக்கொண்டிருந்தது. திருகைக் கழற்றிக் கட்டையை எடுத்தேன். உள்ளே விரல் வைத்தால் ஈரம்.

தகரப் புனலின் குட்டை மூக்கு பெரலின் வாய்வரை எட்டாது. வழிந்த தண்ணீரெல்லாம் கட்டைக்குள் இறங்கியிருக்கிறது. மற்றப் பத்தும் பல வருஷம் எண்ணெய் குடித்து ஊறிய மரங்கள், தண்ணீரைச் சேர்க்கவில்லை. ஐந்தாம் நம்பரின் புது மரத்துக்கு நான் ஒரே ஒரு தரம்தான் எண்ணெய் பூசியிருந்தேன்.

யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மழைக்காலம், மரம் அப்படித்தான் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். அந்த எண்ணமும் வந்தது, மறைக்க மாட்டேன்.

"ஐயா, டீச்சர் மேல பிழ இல்ல. என்ட பிழ" என்று புனல் கதையை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இந்தப் புத்தகத்துல இருக்கிறது ஒங்க கையெழுத்துதானே நானா?"

"என்ட கையெழுத்துதான். அதுதான் வெக்கம்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சரி, வேற துப்பாக்கி குடுங்க. அஞ்சே அஞ்சு" என்றார்.

இரண்டாம் நம்பரைக் கொடுத்தேன். டீச்சருக்குப் பழக்கமில்லாத துப்பாக்கி. முதல் தோட்டா ஓரத்தில் விழுந்தது. அடுத்த நாலும் நடுக்கறுப்புக்குள். ஐயா பட்டியலில் நாலாவது பெயரை எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் கேத்தல் கொதித்ததும் டீச்சர் என் பக்கம் வந்து நின்றார். "புனலக் காட்டுங்க நானா" என்று கையை நீட்டினார். தகரப் புனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மண்ணெண்ண ஊத்த வீட்டுல ஒண்ணு தேவப்பட்டுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புனல் இல்லாததால் அன்றைக்கு ஒவ்வொரு துப்பாக்கியின் கட்டையையும் கழற்றி வைத்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பிளேன்டீக்கு மத்தியானமாயிற்று, யாரும் முணுமுணுக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே பித்தளைப் புனலோடு மாத்தளைக்குப் போனேன்.

அந்தப் புத்தகம் இன்னும் ஆயுத அறையில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஐந்தாம் நம்பர் பக்கத்தில் 'காரணம்: சுட்டவர்' என்பதை ஒரு கோட்டால் வெட்டியிருப்பேன். எழுதியது தெரியட்டும் என்றுதான் அழிக்காமல் வெட்டினேன். அதன் கீழே 'காரணம்: ஆமரர்' என்று இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சொல்லை அந்த இடத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். இன்னும் பல தடவை எழுதியிருக்க வேண்டும்.