காதில் கிடக்க வேண்டியது

செம்மநத்தத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் பேங்க் கடனில் மாதப்பனுக்குச் சீமை மாடு வந்த அன்று ஊரே ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கற்றுக்கொண்டது. மாட்டோடு வந்த இன்சூர் ஆபீசர் அதன் காதைத் துளைத்து நம்பர் போட்ட வில்லையை மாட்டினார். "மாட்ட இன்சூர் பண்ணியாச்சு. செத்தா வேற மாடு வாங்கப் பணம் வரும். வில்லை பத்திரம்" என்றார்.

அது லேசுப்பட்ட மாடா? கத்தினால் கிளியூர் அருவி நின்று கேட்டுவிட்டுத்தான் விழும். மாதப்பன் குடும்பமே அதன் மடியில் தொங்கியது. ஆனால் அதற்கொரு கெட்ட பழக்கம், கண்ட உண்ணிமுள் புதரிலெல்லாம் காதைத் தேய்க்கும். வில்லை ஆட ஆரம்பித்ததும் மாதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குறடால் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, ராகிக் குதிருக்கு அடியில் புதைத்தான். பெண்டாட்டி கண்ணம்மாளுக்குக்கூடக் காட்டவில்லை.

ஐப்பசி மழையில் மாடு வயிறு உப்பிச் செத்தது. கண்ணம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அட, இன்சூர் பண்ணியிருக்குதுல்ல, அழுவாத" என்று தேற்றினான் மாதப்பன்.

ஆபீசர் வந்து காதைத் தூக்கினார். ஓட்டைதான் இருந்தது. மாதப்பன் பெருமையாக ஓடித் தோண்டி எடுத்துவந்து முடிச்சை அவிழ்த்தான். வில்லை கல்யாணப் பொண்ணுபோல மின்னியது.

ஆபீசர் சிரித்த சிரிப்பில் சட்டைப் பொத்தானே தெறித்தது. வில்லை காதில் இருந்தால்தான் இது அந்த மாடு, கையில் இருந்தால் வெறும் தகரம் என்றார். "நாங்க மாட்ட இன்சூர் பண்ணுனோம். நீ வில்லைய இன்சூர் பண்ணிட்ட."

"ஏனுங்க சாமி, ஊரே சாட்சி சொல்லுமுங்க" என்று காலில் விழுந்தான் மாதப்பன். எங்கே சொல்வது? ஊர் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து செம்மநத்தத்தில் எவளாவது பலகாரத்தை ஒளித்துவைத்துப் பூசணம் பிடிக்கவிட்டால், "இன்சூர் பண்ணிட்டா" என்பார்கள். மாதப்பன் கூலிக்குச் சாணி சுமக்கப் போனான்.

அடுத்த வருசம் பக்கத்து ஊட்டு அங்கப்பனுக்குக் கடன் மாடு வந்தது. காது துளைக்கும்போது மாடு திமிறாமல் பிடிக்க ஆள் வேண்டும். மாதப்பனைக் கூப்பிட்டார்கள்.

"காத நல்லாக் கெட்டியாப் புடிங்க மாமா. அதோட அருமை உங்களுக்குத்தான் நொம்பத் தெரியும்" என்றான் அங்கப்பன்.

ஊர் சிரித்து ஓயும்வரை மாதப்பன் பிடித்துக்கொண்டே நின்றான்.