களிம்பு ஏறிய பொங்கல் குழம்பு

கிருத்திகைக் கூட்டத்து அன்பர்களுக்கு வணக்கம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்தவன் எவனும் செய்யாததை நான் செய்திருக்கிறேன். சிம்மக்கல்லில் ஓலைக் கொட்டகையில் வெல்லம் விற்றவன், அதே இடத்தில் கல் கட்டடமாக மண்டி கட்டினேன். அதற்குப் பின்னால் மாடி வைத்த மெத்தை வீடு. திருவாதவூரில், வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டினேன். வைகையில் வெள்ளம் வந்து மூட்டை மூட்டையாக வெல்லம் கரைந்து ஓடிய வருஷம், இவன் இனி எழுந்திருக்க மாட்டான் என்றார்கள். எழுந்தேன். மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். கல்யாண அடுப்பில் ஏற்றுகிற பெரிய பித்தளை அண்டா வாங்கி அதில் என் பெயரை முழுசாக வெட்டி வைத்தேன். எல்லாம் என் கை வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஒரு பச்சைப் பிள்ளையைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது.

யுத்த காலம். பர்மா அரிசி நின்று போன மறு வருஷம். ஊரில் பாதி வீட்டில் கம்பும் கிழங்கும்தான். என்னிடம் திருவாதவூர் நெல் இருந்தது. பொங்கலுக்கு உறவு, சிநேகம் என்று அறுபது பேரைக் கூப்பிட்டேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாட்டுப் பொங்கலன்று எல்லாக் காயும் போட்டுப் புளிக் குழம்பு வைப்போம். மீதியை மறுநாள் சுண்ட வைத்து, எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுவோம். மறுநாள்தான் அதற்கு ருசி.

சமையலுக்குத் திருப்பரங்குன்றத்து ஆறுமுகம் வந்திருந்தார். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"அண்ணே, உள்ள பூசுன ஈயம் பூராம் போயிருச்சு. மஞ்சளாப் பல்ல இளிக்குது. இதுல புளி வச்சா பச்சக் களிம்பு ஏறி விஷமாயிரும். மண்பானையில வச்சுக்கிருவோம்."

"ஈயம் எங்கடா கிடைக்குது இப்ப? சண்டை வந்து அதையும் தின்னுருச்சு. மண்பானையில ஊத்துனா பிச்சக்காரன் வீட்டுப் பந்திம்பானுங்க."

"அப்ப இன்னைக்கே பரிமாறி முடிச்சிருவோம்ணே. பொழுது விடிய அதுல கிடக்கக் கூடாது."

"நாளைக்குத்தான் சம்பந்தி வாரார். அண்டாவோட பார்க்கணும். நீ கரண்டியப் பிடி, போதும்."

"சரிண்ணே. சொல்றதச் சொல்லிட்டேன், அம்புட்டுத்தான்" என்று அடுப்பைப் பற்ற வைத்தார்.

மறுநாள் நடுக் கூடத்தில் பந்தி. சம்பந்தி இலையைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வருசம் மதுரையில வெள்ளச் சோறு போடுறது கோயில்லயும் உங்க வீட்டுலயும்தான், சம்பந்தி."

"கோயில்ல எம்புட்டுப் போடுறாங்க? ஒரு உருண்டை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

பந்தி விசாரித்துக்கொண்டே நடந்ததில் நான் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கடைசியில் மோர்ச் சோறு மட்டும்தான். என் மகள் மீனாட்சியின் பிள்ளை வள்ளிக்கு நாலு வயது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். என் கையாலேயே ஊற்றினேன்.

எச்சில் இலை எடுத்து முடிக்கவில்லை. முதலில் சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். பிறகு என் தங்கைகள், பிள்ளைகள், சிநேகிதர்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வாந்திபேதி என்று தெருவில் கதவெல்லாம் சாத்திக்கொண்டார்கள். ஒரு செம்பு தண்ணீர் தர ஆள் இல்லை.

டாக்டர் வந்தார். நாடி பார்த்தார். நேரே அடுப்படிக்குப் போய் அண்டாவின் உட்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார். பச்சையாக இருந்தது.

"இதுல யார் வைக்கச் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சமையல்காரனைக் கேளுங்க" என்றேன்.

என் மருமகன் ஆறுமுகத்தின் தோள்துண்டைப் பிடித்துக் கிழிய இழுத்து வாசலில் தள்ளினார். ஆறுமுகம் என் முகத்தையே பார்த்தார். நான் டாக்டர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

விடிவதற்குள் மற்றவர்கள் தேறினார்கள். வள்ளி தேறவில்லை. கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்துவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் ஊற்றியபடி வெளியே வந்தது. தண்ணீர் உள்ளே தங்கினால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டு டாக்டர் பையை மூடினார். மீனாட்சி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "இங்க நின்னு என்ன செய்யப் போறீங்கப்பா? போயி அந்த முருகங்கிட்டயாச்சும் கேளுங்க" என்றாள்.

குதிரை வண்டி பிடித்துத் திருப்பரங்குன்றம் போனேன். சந்நிதியில் நின்று வெள்ளி வேல் தருகிறேன் என்றேன். அறுநூறு பேருக்குச் சோறு போடுகிறேன் என்றேன். மண்டபம் கட்டுகிறேன் என்றேன். நெஞ்சு கல்லாகவே இருந்தது. எவனோ வியாபாரி பேரம் பேசுவதை நானே நின்று கேட்பது போல் இருந்தது. கேட்கக் கேட்க எனக்கே வெறுத்துப் போனது. அப்போதுதான் வாய் விட்டுக் கத்தினேன்.

"முருகா, அந்த ஆளு வேணாம்னுதான் சொன்னான். நான்தான் வைக்கச் சொன்னேன். பழியையும் அவன் மேல போட்டேன். என் தப்புக்குப் பிள்ளைய எடுத்துறாத. ஊரறியச் சொல்லிர்றேன்."

பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் பார்த்தார்கள். குருக்கள் திருநீறு கொடுத்து, நகரும்படி கையைக் காட்டினார்.

வீட்டு வாசலில் மீனாட்சி நின்றிருந்தாள். "கஞ்சித் தண்ணி குடிச்சாப்பா. ரெண்டு தடவ குடிச்சா. வெளிய வரல" என்றாள்.

முருகன் தன் பங்கை அன்றைக்கே செய்துவிட்டான். நான் செய்யவில்லை. பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும், கொடுத்த வாக்கை மறந்தவன் மாதிரி இருந்தேன். மறக்கவில்லை. மறந்தவன் மாதிரி இருந்தேன். அதற்குள் ஆறுமுகத்துக்கு அந்தத் தையில் பேசியிருந்த கல்யாண வேலையெல்லாம் போய்விட்டது. விஷம் வைத்தவன் என்று பெயர்.

தைப்பூசத்தன்று வள்ளி என் தட்டில் கை வைத்து எடுத்துத் தின்றாள். தட்டை அவள் பக்கமே தள்ளினேன். எழுந்து ஆறுமுகம் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் முதலில், "பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் சுகம் என்றதும்தான் முகம் கடுத்தது.

"பூசத்துக்கு வந்திருக்கீங்க, உக்காருங்க. இது மண்சட்டிச் சோறு. பயப்படாமச் சாப்பிடலாம்."

கேழ்வரகுக் களியும் கீரையும். தின்றேன். பிறகு அவர்கள் தெருவிலே நின்று, வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். ஆறுமுகம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் துண்டு கிழிஞ்சிருக்காதுண்ணே" என்றார்.

அதிலிருந்து பொங்கலுக்கு அவர்தான் எங்கள் வீட்டில் சமைக்கிறார். எதில் வைப்பது என்று அவர்தான் சொல்வார். குழம்பு இறக்கியதும் என் இலையில்தான் முதலில் விழும். நான் உண்டு முடித்த பிறகே பந்தி. அன்பர்களே, உங்களுக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு முருகனிடம் இதைத் தருகிறேன், அதைக் கட்டுகிறேன் என்று போகாதீர்கள். செய்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவன் கேட்பான். நான் சொன்னதையே கேட்டானே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், சமையல்காரன் அசட்டையாக இருந்தான், முருகன் காப்பாற்றினான் என்று சொல்வது என் காதுக்கு வந்தது. என் மனம் நோகக் கூடாது என்று மாற்றுகிறீர்கள் போல. அப்படிச் சொல்லக் கூடாது. ஆறுமுகம் செய்தது எச்சரிக்கை. மற்றதெல்லாம் நான் செய்தது. இனி யார் சொன்னாலும் வெல்ல மண்டி சுப்பையா செய்தான் என்று பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.