சலவைக்கூடத்து டீச்சர்

அத்தையைச் சலவைக்கூடத்தில் எல்லாரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பேர், ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடம் அது. அத்தைக்கு மடிப்பு வேலை.

அங்கே பலருக்கு எழுத்து தெரியாது. அதற்காகவே துணி மூலையில் கலர் நூல் தைத்திருப்பார்கள். சிவப்பு என்றால் ஆபரேஷன் தியேட்டர், நீலம் என்றால் குழந்தைகள் வார்டு. நிறம் பார்த்துப் பிரித்தால் போதும். புது மேனேஜர் வந்து நூலை நிறுத்தப்போவதாகச் சொன்னார். இனி வார்டு பேரை அச்சடித்துவிடுவார்களாம். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

மறுநாளே அத்தை, சாப்பாட்டு நேரத்தில் உலர்த்தும் அறையில் வகுப்பு தொடங்கிவிட்டாள். கூலியா, யார் கொடுப்பார்கள்? பழுதான டிரையரின் கதவுதான் கரும்பலகை.

"இந்த வயசுல எனக்கு ஏறுமா டீச்சர்?" என்றாள் குட்டையம்மா. புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"ரத்தக்கறையே உன்கிட்ட தோத்துப் போகுது. இந்த எழுத்து எம்மாத்திரம்?"

கற்பூரம்போலப் பற்றிக்கொண்டவள், சலவை மெஷின் ஓட்டுகிற மெஷின்காரி. அத்தை அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினாள். மேனேஜரிடம் கூட்டிப்போய்ச் சிபாரிசும் செய்தாள். மெஷின்காரி மேஸ்திரி ஆனாள்.

சில நாளில் உலர்த்தும் அறைக் கதவில் மேஸ்திரியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குட்டையம்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். "இங்கே... யாரும்... உட்காரக் கூடாது." முழுசாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் அர்த்தம் உறைத்தது.

அத்தை நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"ஏன்டி, நீயும் அங்க உக்காந்து படிச்சவதானே?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. எல்லாரும் படிச்சுட்டா என்னை எதுக்கு வச்சிருக்கப் போறாங்க?"

"குட்டையம்மாவுக்கு இன்னும் ஒரே மாசம் போதும். தேறிடுவா."

"உங்களுக்கு இது ஊருக்கு உபகாரம். எனக்குப் பொழப்பு."

வகுப்பை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றால், வேலை விட்டதும் ஆளுக்கொரு வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓடுகிறவர்கள் அவர்கள்.

நூல் நின்றது. துணி மலைபோல வந்து விழுந்துகொண்டிருக்க, குட்டையம்மா ஒவ்வொரு பேரையும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். தப்பாக ஒன்றுகூட அடுக்கவில்லை. ஆனால் குவியல் தேங்கியது. மேஸ்திரி போய்ச் சொன்னாள், மேனேஜர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஒருநாள் காலையில் அத்தை குட்டையம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். அங்கே பக்கத்தில் யாரிடமோ வேலை கேட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள்.

"இப்பல்லாம் எந்த பஸ் எங்க போகுதுன்னு நானே படிச்சுடுறேன் டீச்சர்," என்றாள். "ஏறிப் போகத்தான் எங்கயும் வேலை இல்ல."

சலவைக்கூடம் போகும் பஸ் வந்தது. அத்தை ஏறிக்கொண்டாள்.